‘இணைப்பு உண்டு, இணையம் இல்லை’ என்னும் நிலைக்கு ‘வரத்தின்மை’: ஒரு முன்மொழிவு

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

மடிக்கணினியின் அருகலை (வைஃபை) கோளாறுகளுக்காக நாம் எழுதிவரும் வழிகாட்டியில், கணினி திசைவியோடு (ரௌட்டர்) சேர்ந்துகொண்ட பின்னரும் எந்தப் பக்கமும் திறக்காத நிலைக்குத் தனிப்பெயர் வேண்டுமா என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். கட்டாயம் வேண்டும் என்று கருதுகிறேன். அதற்கு ‘வரத்தின்மை’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன்.

இப்போது ‘இணைப்பு’ என்ற ஒரே சொல்லின் தலையில் நான்கு பொருள்களை ஏற்றி வைத்திருக்கிறோம். மடிக்கணினிக்கும் திசைவிக்கும் இடையே உள்ள வானலைத் தொடர்பும் இணைப்பு, திசைவியிடமிருந்து முகவரி பெறுவதும் இணைப்பு, வெளியுலகை எட்டுவதும் இணைப்பு, மாதக் கட்டணம் கட்டி வாங்கும் சேவையும் இணைப்பு. ‘இணைப்பில் சிக்கல்’ என்று திரையில் படிக்கும் ஒருவர் தம் கணினியையே ஐயுறுகிறார். கடவுச்சொல்லை மறுபடி மறுபடி இடுகிறார். அருகலை அட்டையின் இயக்கி மென்பொருளை (டிரைவர்) நீக்கி மீண்டும் நிறுவுகிறார். கடைசியில் விண்டோஸின் பிணைய மீட்டமைப்பை அழுத்தி, சேமித்து வைத்திருந்த எல்லா அருகலைக் கடவுச்சொற்களையும் இழக்கிறார். தெருமுனையில் அறுந்து கிடக்கும் கண்ணாடி இழைக்கு இவற்றுள் எதுவும் மருந்தாகாது. திசைவிப் பெட்டியில், இழை வழியே ஒளி வராததைக் காட்டும் ‘எல்.ஓ.எஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று முதலிலேயே பார்க்கச் சொல்லியிருந்தால் அவர் இணையச் சேவையாளரை அழைத்துவிட்டு அமைதியாக இருந்திருப்பார்.

வானலைத் தொடர்பே சரியில்லாமல் போவது வேறு கதை. அதற்கு நம் வழிகாட்டியில் ‘பிடிப்பு’ என்ற சொல் முன்பே நிலைத்துவிட்டது. பாளையங்கோட்டையின் பழைய வீடுகளில் உள்ள தடித்த சுவர்களைத் தாண்ட 5 கிகாஹெர்ட்ஸ் அலை திணறும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு தாண்டும் என்பன போன்ற செய்திகள் அந்தத் தலைப்பின் கீழேயே இருக்கட்டும்.

இதுவரை வந்த பரிந்துரைகளைப் பற்றி என் கருத்து இது. ‘இணையமற்ற இணைப்பு’ பொருளில் பிழையற்றது. ஆயினும் ஒரே வேர் இரண்டு முறை வருவதால், விரைந்து படிப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். ‘அரை இணைப்பு’ என்பது அலைவலிமை பாதியாகக் குறைந்துவிட்டது என்ற தவறான எண்ணத்தைத் தரும். உண்மையில் அலைவலிமைக் கோடுகள் அனைத்தும் நிறைந்திருக்கும்போதும் இந்த நிலை வரும். ‘வெற்றிணைப்பு’ அழகான சொல், அதை ஆக்கிய தென்காசித் தங்கையைப் பாராட்டுகிறேன். எனினும், அது இணைப்பையே முன்னிறுத்துவதால், படிப்பவரின் ஐயம் மறுபடியும் கணினியின் மேல்தான் விழும். சென்னை நண்பர் ஒருவர் முன்வைத்த ‘தொடுப்பு’ தெற்கே அறவே கூடாது. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கங்களில் அச்சொல்லுக்குத் தகாத உறவு என்ற பொருள் வழக்கில் இருக்கிறது. ஆசிரியர் ஒருவர் அதை வகுப்பறையில் உச்சரிக்க முடியாது.

‘வரத்து’ என்ற சொல்லுக்கு நான் வந்து சேர்ந்தது மக்கள் பேச்சின் வழியாகத்தான். நம் ஊர்க்காரர்கள் இந்த இரண்டு நிலைகளையும் ஏற்கெனவே இரண்டு வினைகளால் பிரித்தே சொல்கிறார்கள். திசைவியோடு சேரவில்லை என்றால் ‘வைஃபை எடுக்கமாட்டேங்கு’ என்கிறார்கள். சேர்ந்தும் பயனில்லை என்றால் ‘எடுத்திருக்கு, நெட்டு வரமாட்டேங்கு’ என்கிறார்கள். அந்த ‘வரமாட்டேங்கு’ என்பதற்குள் நமக்கு வேண்டிய கலைச்சொல் இருக்கிறது. நாம் அதைப் பெயராக்கிக் கொடுத்தால் போதும்.

ஆற்றுப்பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. தாமிரபரணியின் பழவூர் அணைக்கட்டில் பிரிந்து வரும் பாளையங்கால்வாயின் கடைமடையில் தண்ணீர் இல்லையென்றால், வயலைக் கொத்திப் பார்ப்பவர் யாரும் இல்லை. மடை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கால்வாய்க் கரையோடு மேலே நடந்து, வரத்து எங்கே நின்றது என்று தேடுவார்கள். மடிக்கணினி கடைமடை வயல். கோளாறு நாடுபவர் நடக்க வேண்டிய திசையைச் சொல்லே காட்டிவிடுகிறது என்பதுதான் இதன் பெரிய வலிமை என்று நான் நம்புகிறேன்.

இது வேளாண் மாவட்டத்துச் சொல், மற்ற ஊர்களுக்குப் புரியாது என்ற மறுப்பு வரலாம். காய்கறிச் சந்தைச் செய்திகளில் ‘வரத்துக் குறைவால் விலை உயர்வு’ என்று தமிழகம் முழுவதும் நாளிதழ்கள் எழுதுகின்றன. அணைச் செய்திகளில் ‘நீர்வரத்து’ நாள்தோறும் வருகிறது. மேலும், நெல்லையில் இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொல் தொகுதி வெளியிட்டபோது, ஒரு மாவட்டத்துக்காக அதைச் செய்யவில்லை. இங்கிருந்து சொல் புறப்படுவதில் நமக்குத் தயக்கம் வேண்டாம். வரத்து என்பது உள்வருவதை மட்டும் குறிக்கும், வெளிச்செல்வதற்கு என்ன சொல்வது என்ற கேள்வி இதைவிடக் கனமானது. ஆனால் இந்த நிலையை இயங்குதளம் கண்டறிவதே மறுமொழி வருகிறதா என்பதை வைத்துத்தான். விண்டோஸ் கணினி மைக்ரோசாஃப்டின் வழங்கியிடம் (சர்வர்) ஒரு சிறிய உரைக்கோப்பைக் கேட்டுப் பார்க்கிறது. அது வந்து சேராவிட்டால் ‘இணையம் இல்லை’ என்று அறிவிக்கிறது. ஆகவே வருகையை அளவுகோலாகக் கொண்ட சொல் இங்கே பொருந்தவே செய்கிறது.

வரையறையை இவ்வாறு எழுதலாம்: மடிக்கணினி திசைவியோடு பிடிப்புப் பெற்றிருந்தும் இணையத்திலிருந்து மறுமொழி வந்து சேராத நிலை வரத்தின்மை. எங்கே நின்றது என்பதை அதன் கீழ்ப் பிரிக்க வேண்டும். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், திசைவி முகவரி வழங்கவில்லை, கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அங்கே திசைவியை அணைத்து ஏற்றுவது பயன் தரும். முகவரி முறையாகக் கிடைத்து, திசைவியும் மறுமொழி தந்து, அதே அருகலையில் உள்ள கைப்பேசிக்கும் இணையம் வரவில்லை என்றால் தடை திசைவியிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. மின்தடை நேரத்தில் இது மிகுதியாக நிகழ்கிறது: வீட்டுத் திசைவி மின்கலத்தில் ஓடிக்கொண்டிருக்கும், தெருவில் உள்ள சேவையாளரின் கருவி நின்றுபோயிருக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் குழு முடிவு செய்ய வேண்டும். கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு விடுத்த ‘பிங்’ என்னும் சோதனை அழைப்புக்கு மறுமொழி வந்து, தளத்தின் பெயரை இட்டால் மட்டும் பக்கம் திறக்கவில்லை என்றால், தவறு தளப்பெயரை எண் முகவரியாக மாற்றும் டி.என்.எஸ் சேவையில் இருக்கிறது. மறுமொழி வருவதால் இதை வரத்தின்மை என்று அழைப்பது பொருந்தாது. ‘பெயர்தீராமை’, அதாவது பெயருக்குரிய முகவரி கண்டறியப்படாமை, என்று தனியே வைக்கலாம் என்பது என் எண்ணம். இயங்குதளம் இரண்டையும் ஒரே அறிவிப்பில் அடைத்துவிடக்கூடும். அப்படியிருந்தாலும் நம் வழிகாட்டி பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதன் தீர்வைப் பயனரே தம் கணினியில் செய்துகொள்ள முடியும்.

லினக்ஸில் பிணைய இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருள் இணைய நிலைகளை ஐந்தாகப் பகுக்கிறது: அறியப்படாதது, இல்லை, உள்நுழைவுப் பக்கத்தில் நிற்பது, வரம்புற்றது, முழுமையானது. இவற்றுள் ‘வரம்புற்றது’ என்ற இடத்தில் ‘வரத்தின்மை’யை அப்படியே வைக்கலாம். கல்லூரி விடுதிகளிலும் தங்கும் விடுதிகளிலும் நேரும் மூன்றாம் நிலைக்குப் புதுச்சொல் ஆக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘உள்நுழைவு தேவை’ என்று எழுதினாலே பயனர் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவார்.

‘பெயர்தீராமை’யில் உள்ள ‘தீர்’ என்ற வினை பொருந்துமா, ‘பெயரறியாமை’ மேலா என்பதில் அண்ணாச்சியின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்