சத்துமாவுல மக்காச்சோளம் மட்டும் குருணையா நிக்குது, என்ன பண்ணலாம்?

பாலக்கோடு_மாவுமில்:
கல் மெஷின்ல சத்துமாவு அரைக்கிறோம். கேழ்வரகு 5 கிலோ, மக்காச்சோளம் 2, கம்பு 1, பொட்டுக்கடலை 1, வேர்க்கடலை அரை கிலோ, சுக்கு 50 கிராம். தனித்தனியா வறுத்து, ஒண்ணாக் கலந்து கொட்டுறோம். கஞ்சி காய்ச்சினா அடியில மஞ்சள் குருணை தங்குது. கல்லை இறுக்கினா குருணை குறையுது, ஆனா மாவு கை வைக்க முடியாத சூட்டுல விழுது. எதைத் திருத்தணும்?

ஊத்தங்கரை_மெஷின்:
கல்லைத் திருத்த வேண்டாங்க, கலக்கிற வரிசையை மாத்துங்க. கேழ்வரகும் பொட்டுக்கடலையும் உள்ளே போனதும் மாவாயிடும். அந்த மாவு ரெண்டு கல்லுக்கும் நடுவுல மெத்தை மாதிரி படியுது. மக்காச்சோளத்தோட கண்ணாடி மாதிரி இருக்கிற கெட்டிப் பகுதி அந்த மெத்தையில புதைஞ்சு, கல் பிடிக்காமலே வெளியே வந்துடும். இறுக்கினா ஏற்கெனவே மாவானதுதான் திரும்பத் திரும்ப அரைபட்டுச் சூடாகும்.

முதல்ல மக்காச்சோளத்தை மட்டும் கல்லைத் தளர்த்தி ஒரு ஓட்டு, கேழ்வரகு அளவு ரவையா உடைங்க. அப்புறம் கேழ்வரகு, கம்போட சேர்த்து ரெண்டாவது ஓட்டு. 100 கிராம் மாவை அரை மில்லிமீட்டர் சல்லடையில சலிச்சுப் பாருங்க. மேல நிக்கிறது மஞ்சளா இருந்தா அந்தக் குருணையை மட்டும் திரும்பப் போடுங்க, மொத்த மாவையும் போடாதீங்க.

வேர்க்கடலையைக் கல்லுல விடவே கூடாது. எடையில பாதிக்குப் பக்கம் எண்ணெய். கல்லோட கொத்து (உளியால கொத்தின பள்ளம்) அடைஞ்சு பளபளன்னு ஆயிடும், அப்புறம் எதுவும் பிடிக்காது. தோல் நீக்கி, நல்லா ஆறவிட்டு, பொட்டுக்கடலையோட சேர்த்து மிக்சியில விட்டு விட்டு ஓட்டிப் பொடிச்சு, கடைசியா மாவுல கலந்து சலிங்க.

பர்கூர்_குவாரி:
சுக்கை யாரும் கவனிக்கல. கெட்டியா இருக்கிறதும் உடையிறதும் வேற வேற. கிரானைட் தூளைக் கையில எடுத்துப் பாருங்க: அதுல மைக்காதான் நகத்தால கீறுற அளவு மெத்து, ஆனா பொடியாகாம தகடு தகடா மின்னிட்டு நிக்கும். குவார்ட்ஸ் அதைவிட எவ்வளவோ கெட்டி, ஆனா நொறுங்கும். சுக்கும் மைக்கா வழிதான். கல் எவ்வளவு தேய்ச்சாலும் நார் நாராப் பிரியும். உரல்ல இடிச்சு, நாரைச் சலிச்சு எடுத்துட்டுத் தூளை மட்டும் சேருங்க.

ரோட்டுல போட்டு அடிச்ச கேழ்வரகா இருந்தா மணல் கலந்திருக்கும், அதுவும் கேழ்வரகு அளவுலயே. முறத்துல புடைச்சாலும் முழுசாப் போகாது. தண்ணியில அரிச்சு, காய வெச்சு, அப்புறம் வறுங்க. மணல் கல்லையும் தேய்க்கும், பல்லுலயும் நறநறன்னு படும்.

பாலக்கோடு_மாவுமில்:
நன்றிங்க. மக்காச்சோளத்தை ஊற வெச்சா மெத்துன்னு ஆகாதா?

ஊத்தங்கரை_மெஷின்:
ஊறினா மெத்துன்னு ஆகும், ஆனா நொறுங்காது, நசுங்கிக் கல்லுல அப்பும். மாவும் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். மிதமான தீயில, உள்ளே வரைக்கும் சூடு ஏற வறுங்க. ஆறினதும் ஒண்ணைக் கடிச்சா ‘கடக்’னு ரெண்டா உடையணும். பல்லுக்கு வளைஞ்சு கொடுத்தா இன்னும் ஈரம் இருக்கு.