60 பேருக்கும் ஸ்மார்ட் பேண்ட் வாங்கறதா, லேப்லயே செய்ய வைக்கறதா?

பெருந்துறை_லேப்:
ஈரோடு பக்கம் பொறியியல் கல்லூரிங்க, முதலாண்டு, ஒரு வகுப்புல 60 பேர். வருகைப் பதிவுக்கும், பாடத்தைக் கவனிக்கறாங்களான்னு பார்க்கவும் ஆளுக்கொரு ஸ்மார்ட் பேண்ட் (மணிக்கட்டுல கட்டற சென்சார் பட்டை) வாங்கலாம்னு நிர்வாகம் சொல்லுது. நடைமுறைக்கு ஆகுமாங்க?

சாலிடர்_கோவை:
வருகைக்கு வேண்டாமுங்க. ஒருத்தன் மூணு பேர் பேண்டைச் சட்டைப் பையில போட்டுட்டு வந்தா மூணு பேரும் வந்த கணக்குத்தான். புளூடூத் செங்கல் சுவரையும் தாண்டும். பக்கத்து வகுப்புல இருக்கறவனும் இங்க பதிவாவான். உடம்பு புளூடூத்தோட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சறதால, கையை டெஸ்குக்குக் கீழ வச்சவன் வந்தும் வராதவன் ஆயிருவான்.

கவனம் அதைவிட மோசம். நாடித்துடிப்பு மாடிப்படி ஏறினாலும் கூடும், வைவா பயத்துலயும் கூடும். அதுல இருந்து கவனத்தைப் பிரிச்செடுக்க வழியில்லை. போதாததுக்கு, குறிப்பெழுதற கையில பட்டை ஆடி அளவீடே கெட்டுப்போகும்.

அந்தக் காசுல பசங்களையே செய்ய வைங்க. ஈஎஸ்பி32 (வைஃபை, புளூடூத் உள்ள சின்னக் கட்டுப்பாட்டு போர்டு), அசைவுக்கு எம்பியூ6050, நாடிக்கு மேக்ஸ்30102, 500 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரி, டிபி4056 சார்ஜர் போர்டு. நாலு பேருக்கு ஒரு செட், ஆக 15, உதிரிக்கு 3.

மாட்டிக்கற இடங்கள்:
டிபி4056 வரும்போதே 1 ஆம்பியர்ல சார்ஜ் பண்ணும். சின்ன பேட்டரிக்கு அது இரட்டிப்பு, சூடாகி உப்பிரும். போர்டுல இருக்கற 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துட்டு 5 கிலோ ஓம் வைங்க, 250 மில்லி ஆம்பியருக்கு இறங்கிரும்.
எம்பியூ6050 பவர் குடுத்ததும் தூக்க நிலையிலதான் இருக்கும். அதோட அமைப்பு நினைவிடமான ரெஜிஸ்டர் 6பி-யில (ஹெக்ஸ்) பூஜ்யம் எழுதாட்டி எல்லா அளவும் சைபர். ரெண்டு சென்சார் வேணும்னா ஒண்ணோட ஏடி0 காலை 3.3 வோல்ட்டுல கட்டுங்க, முகவரி 68-ல இருந்து 69 ஆகும் (ஹெக்ஸ்).
மலிவான மேக்ஸ்30102 போர்டு சிலதுல புல்-அப் (சிக்னல் கம்பியை மேல தூக்கி வைக்கற ரெசிஸ்டர்) 1.8 வோல்ட்டுக்குப் போகும். 3.3 வோல்ட் ஈஎஸ்பி32 அதை 'ஹை'ன்னு ஏத்துக்காது, எந்த சென்சார் இருக்குன்னு தேடற ஸ்கேன்ல தட்டுப்படவே படாது. அந்த ரெசிஸ்டர்களைக் கழட்டி 3.3-க்கு மாத்தோணும். சிவப்பு, அகச்சிவப்பு ஒளிதான்கறதால மணிக்கட்டைவிட விரல் நுனியில நல்லா எடுக்கும்.

திருப்பூர்_நிட்:
துணியில தைக்கற எண்ணம் இருந்தா ஒரு வார்த்தை. வெள்ளி பூசின நைலான் நூலை நேர்த்தையல் போட்டா ரிப் துணி இழுபடும்போதே அறுந்துரும்; ஜிக்-ஜாக் போடுங்க. நூலுக்கு மின்தடை அதிகம், பவர் லைனை அதுல கொண்டுபோனா வோல்டேஜ் விழுந்து ஈஎஸ்பி32 ரீசெட் ஆகிட்டே இருக்கும். பவருக்கு மெல்லிய சிலிகோன் உறை வயர், நூல் சிக்னலுக்கு மட்டும். வேர்வை பட்டா பக்கத்துப் பக்கத்து இழை ஷார்ட் ஆகும், அரை இஞ்ச் இடைவெளி விடுங்க. ப்ளீச் ஆகவே ஆகாது.

பெருந்துறை_லேப்:
நல்லதுங்க. 15 செட்டும் ஒரே அறையில ஓடினா புளூடூத் தாங்குமா?

சாலிடர்_கோவை:
இணைப்பு போடாதீங்க, அறிவிப்பு பாக்கெட்டுலயே (இணைப்பு இல்லாமலே புளூடூத் பொதுவா அனுப்பற சின்னத் தகவல்) அளவை அனுப்புங்க. ஒரு ஈஎஸ்பி32 ஒரே நேரத்துல 9 இணைப்புக்கு மேல பிடிக்காது. கேட்கறதுக்கு மட்டும்னா எண்ணிக்கைச் சிக்கல் இல்லை. அறிவிப்புச் சேனல் மூணும் வைஃபை சேனல் 1, 6, 11-க்கு இடையிலயும் ஓரத்துலயும் இருக்குது, அதனால லேப் ரவுட்டரை அந்த வைஃபை சேனல் மூணுல ஒண்ணுல வைங்க.

கரூர்_சட்டம்:
முதலாண்டுல 17 வயசுக்காரங்க இருப்பாங்க. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 நிரம்பாதவங்க குழந்தைதான். பெற்றோர் கையெழுத்து வாங்கி வைங்க. நாடி அளவைப் பேரோட சேமிக்காம செட் எண்ணோட மட்டும் வைங்க. செமஸ்டர் முடிஞ்சதும் அழிச்சிருங்க. முக்கியமா, அந்த ஃபைல் இன்டர்னல் மார்க் போடறவங்க கைக்குப் போகக்கூடாதுங்க.