கடலுக்கடியில் உள்ள அணு ஆயுதத்துக்குப் பூட்டு எங்கே?

கேள்வி: நெய்தல்வாசி

இந்தியாவின் அணு ஆயுதக் கட்டளை ஆணையம் 2003 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. பிரதமர் தலைமையிலான அரசியல் குழு மட்டுமே ஆயுதத்தைப் பயன்படுத்த ஆணையிட முடியும். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் தலைமையிலான செயற்குழு அதற்கு வேண்டிய தகவல்களைத் தந்து, ஆணையை நிறைவேற்றும். அமைதிக் காலத்தில் வெடிமுனையை ஏவுகணையோடு பொருத்தாமல் தனியே வைத்திருப்பதே நம் நீண்டகால நடைமுறை என்று படித்திருக்கிறேன். ஆனால் நம் அணு நீர்மூழ்கிக் கப்பலான அரிஹந்த், எதிரியின் தாக்குதலைத் தடுக்க அணு ஆயுதத்துடன் கடலில் சுற்றிவரும் தன் முதல் தடுப்பு ரோந்தை முடித்துவிட்டதாக 2018 நவம்பரில் பிரதமர் அறிவித்தார். ரோந்துக்குப் போகும் நீர்மூழ்கிக் கப்பலில் இப்படிப் பிரித்து வைப்பது எளிதல்ல. இந்தச் சிக்கலை மற்ற நாடுகள் எவ்வாறு கையாண்டன?

பதில் 1: செங்காந்தள்

முறையான ஆணை வந்தால் ஆயுதம் தவறாமல் இயங்க வேண்டும். ஆணை இல்லையெனில் எந்நிலையிலும் இயங்கக் கூடாது. ஒன்றை வலுப்படுத்தினால் மற்றொன்று தளர்ந்துவிடும் என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படைத் துன்பம்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் அணுசக்திக் கூட்டுக் குழுவினர் 1960இன் இறுதியில் ஐரோப்பியத் தளங்களைப் பார்வையிட்டபோது, நேட்டோ கூட்டாளி நாட்டு விமானங்களில் அமெரிக்க அணுகுண்டுகள் ஏற்றப்பட்டிருப்பதையும், அவற்றுக்குக் காவலாகத் துப்பாக்கியுடன் ஒரேயொரு அமெரிக்க வீரர் நிற்பதையும் கண்டு அதிர்ந்தனர். அதன் தொடர்ச்சியாக, ஐரோப்பாவில் உள்ள ஆயுதங்களுக்கு ரகசிய எண் பூட்டு பொருத்த வேண்டும் என்று அதிபர் கென்னடி 1962 ஜூனில் ஆணையிட்டார். மேலிடத்திலிருந்து எண் வராமல் குண்டைச் செயல்படுத்த முடியாது என்பதே இந்தப் பூட்டின் பயன்.

அமெரிக்கக் கடற்படை மட்டும் இதை நெடுங்காலம் ஏற்கவில்லை. நடுக்கடலில் கப்பலை அந்நியர் கைப்பற்ற முடியாது என்றும், தலைநகரே அழிந்து தொடர்பு அறுந்துபோனால் பூட்டிய ஏவுகணை பயனற்றதாகிவிடும் என்றும் அது வாதிட்டது. ஆகவே எந்திரத்துக்குப் பதிலாக மனிதர்களே அங்கே பூட்டாக இருந்தனர்: தனியொருவரால் எதையும் ஏவ முடியாதபடி, கப்பல் தலைவர் உட்படப் பலர் ஒத்துழைத்தால்தான் ஏவுதல் நடக்கும். டிரைடென்ட் எனும் அணு ஏவுகணைகளைத் தாங்கிய பிரிட்டனின் நீர்மூழ்கிக் கப்பல்கள் இன்றும் பெரிதும் இம்முறையையே நம்பியிருக்கின்றன. அரசு முற்றிலும் அழிந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு பிரதமரும் பதவியேற்றதும் தம் கைப்பட எழுதும் கடிதம், கப்பலில் உள்ள இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைக்கப்படுகிறது. அவர் பதவி விலகியதும் அது பிரிக்கப்படாமலேயே அழிக்கப்படுகிறது.

பதில் 2: வடகரை

செங்காந்தள் சொன்னவை சரியே. ஆனால் நாம் பூட்டைப் பற்றியே பேசி, எந்த ஆயுதம் எங்கே இருக்கிறது என்று சரிபார்க்கும் பதிவேட்டை மறந்துவிடுகிறோம் என்று அஞ்சுகிறேன். 2007 ஆகஸ்டில் வடக்கு டகோட்டாவின் மைனாட் தளத்திலிருந்து லூசியானாவின் பார்க்ஸ்டேல் தளத்துக்குச் சென்ற பி-52 குண்டுவீச்சு விமானத்தில், அணு வெடிமுனை பொருத்திய 6 குரூஸ் ஏவுகணைகள் தவறுதலாக ஏற்றப்பட்டன. வெடிமுனை நீக்கப்பட்டவை என்று எண்ணியதால் அவற்றை யாரும் சரிபார்க்கவில்லை. அணு ஆயுதங்களுக்கு உரிய காவல் இல்லாமல் அவை ஏறத்தாழ ஒன்றரை நாள் இருந்தன. எந்தப் பூட்டும் உடையவில்லை, எந்த எதிரியும் உள்ளே வரவில்லை. ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் 2022 மார்ச் 9 அன்று ஓர் ஏவுகணை தவறுதலாகப் பாய்ந்து பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. அது அணு ஆயுதம் அன்று. ஆயினும் வகுத்த நடைமுறையிலிருந்து விலகியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்து, விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். இந்திய அரசின் விளக்கம் வெளிவந்தது மார்ச் 11 அன்றுதான். அணு ஆயுத விபத்து நேர்ந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று இரு நாடுகளும் 2007இலேயே ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன. அணு ஆயுதம் சாராத ஏவுகணைகளுக்கும் அதே கடப்பாடு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பதில் 3: மருதன்

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 1973இல் அமெரிக்க விமானப்படையின் மேஜர் ஹெரால்டு ஹெரிங், ஏவுகணைப் பயிற்சியின்போது, தமக்கு வரும் ஆணை சித்தசுவாதீனமுள்ள அதிபரிடமிருந்துதான் வந்தது என்பதை எப்படி அறிவது என்று கேட்டார். பதில் கிடைக்கவில்லை, அவர் பணியைத்தான் இழந்தார். கீழ்நிலையில் இருவர் இல்லாமல் எதுவும் நடக்காத அந்நாட்டில், ஆணையிடும் உரிமை இன்றும் அதிபர் ஒருவருடையதே. பாதுகாப்பு அமைச்சருக்குக்கூட அதைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. நெய்தல்வாசி குறிப்பிட்ட நம் அரசியல் குழு இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அது பெயரளவில் கூடாமல் மெய்யாகவே கூடி முடிவெடுக்கும் குழுவாக இருக்க வேண்டும். கப்பலில் எந்தப் பூட்டு இருக்கிறது என்பதை அதற்குப் பிறகே நான் கேட்பேன்.