வளைபாதத்துக்கு மாவுக்கட்டு போட்ட பிள்ளை எப்போது நடக்கும்?

மேலூர் அம்மா: பையனுக்கு 13 மாதம். பிறவியிலேயே இரண்டு பாதமும் உள்பக்கம் வளைந்திருந்தது, பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கும் பொன்செட்டி முறையில் மாவுக்கட்டு, குதிகால் தசைநாணை வெட்டிவிடுவது எல்லாம் முடிந்து இப்போது தூங்கும்போது மட்டும் கம்பி வைத்த பூட்ஸ். பிடித்துக்கொண்டு நிற்கிறான், நடக்கவில்லை. பூட்ஸால்தான் நடக்கவில்லை, கழற்றிப் போடு என்கிறார் அப்பத்தா.

திருமங்கலத்துக்காரர்: ஐயோ, கழற்றாதீர்கள் அக்கா! நாலு வயசு வரைக்கும் தூங்கும்போது போடணும், விட்டால் பாதம் திரும்ப வளைந்துவிடும். இந்தப் பிள்ளைகள் ஒன்றிரண்டு மாதம் பிந்தி நடப்பது சகஜம்தான்.

உசிலை அப்பா: பேச்சு, கைவேலை வயசுக்கேற்ப இருக்கிறதா? 18 மாதத்திலும் நடக்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். அங்கன்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) டாக்டரையும் கேளுங்கள், வளைபாதம் அவர்கள் பட்டியலில் உண்டு, செலவில்லை.

மேலூர் அம்மா: காக்கா, தாத்தா சொல்கிறான். அப்பத்தாவை மட்டும் கூப்பிடுவதில்லை, அந்தக் கோபமோ என்னவோ!