ரெண்டாவது ஆல்பம்: 11 பாட்டு, 6 நாள் ஸ்டுடியோ, வினைலும் வேணும். எதுல ஆரம்பிக்கிறது?

நாலாவது_கம்பி

நாலு பேர் ராக் பேண்ட். டிரம்ஸ், பேஸ், ரெண்டு கிட்டார். ரிதம் வாசிக்கிறவரே பாடுறார். முதல் ஆல்பம் க்ளிக் (ஹெட்ஃபோன்ல ஓடுற தாள டிக்-டிக்) இல்லாம ஒரே அறையில லைவா எடுத்தது. ரெண்டாவதுக்கு 11 பாட்டு, மொத்தம் 47 நிமிஷம். டிரம்ஸுக்கும் பேஸுக்கும் ஸ்டுடியோவுல 6 நாள், கிட்டாரும் குரலும் வீட்டுல. ஸ்ட்ரீமிங்கும் 12 அங்குல வினைலும் ஒரே நாள்ல வரணும், அதுக்கு முன்னாடி மூணு சிங்கிள்.

க்ளிக் போட்டா உயிர் போயிடுமா? 6 நாளை எப்படிப் பிரிக்கிறது? மாஸ்டரை (வெளியிடுற கடைசி ஒலிப் பிரதியை) -14 எல்யூஎஃப்எஸ் சத்த அளவுல நிறுத்தணும்னு சொல்றாங்களே, சரிதானா? ரிலீஸ் தேதியை எப்ப அறிவிக்கலாம்?

ஸ்நேர்_சாவி

உயிரை எடுக்கிறது க்ளிக் இல்ல, பாட்டு முழுக்க ஒரே டெம்போவுல ஓட்டுறதுதான். ரிகர்சல்ல நல்லா அமைஞ்ச ஒரு டேக்கை போன்லயே பதிவு பண்ணி, பகுதி பகுதியா பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை பீட்) தட்டிப் பாருங்க. வெர்ஸ் 118, கோரஸ் 121, பிரிட்ஜ் 116ன்னு ஏதோ ஒண்ணு வரும். அதையே டெம்போ மேப்பா போட்டுடுங்க. கோரஸ் முதல் பீட்ல சட்டுனு ஏத்தாதீங்க. அதுக்கு முந்தின பார்ல, ஃபில் ஓடும்போதே ஏத்தினா டிரம்மருக்கு இடறாது. இன்னொண்ணு: கடைசி சிம்பல் தேஞ்சு அடங்கும்போது ஹெட்ஃபோன்லருந்து க்ளிக் கசிஞ்சு, டிரம்ஸுக்கு மேல வைக்கிற ஓவர்ஹெட் மைக்ல ஏறிடும், அப்புறம் அதை எடுக்கவே முடியாது. கடைசி அடியோட க்ளிக் நிக்கிற மாதிரி மேப்பை முடிச்சிடுங்க. காதை முழுசா மூடுற ஹெட்ஃபோன்தான் வேணும்.

6 நாள்ல 11 பாட்டுக்கு என் கணக்கு: முதல் நாள் பாதி மைக் வைக்கவும் சத்தம் பார்க்கவும் போகும், மாலையில சுலபமான ஒரு பாட்டு. அடுத்த மூணு நாள் தலா மூணு. அஞ்சாம் நாள் மிச்சமுள்ள ஒண்ணும், பிடிக்காததை மறுபடி எடுக்கிறதும். ஆறாம் நாளைக் காலியா விடுங்க, அது எப்படியும் நிரம்பிடும். வேகமான பாட்டுங்களை ஒரே நாள்ல அடுக்காதீங்க. மூணாவது பாட்டுக்கு வரும்போது டிரம்மர் கை தளர்ந்து ஸ்நேர் அடி மெலிஞ்சிடும். அதை மிக்ஸ்ல கம்ப்ரஸர் காப்பாத்தாது, சிம்பல் சத்தத்தைத்தான் தூக்கிக் காட்டும்.

டிரம் தோல் (ஹெட்) எல்லாம் முந்தின நாளே புதுசா மாட்டி, இழுத்து, ராத்திரி முழுக்க விட்டு, காலையில மறுபடி டியூன் பண்ணணும். ஸ்நேர்ல ரிம்ஷாட் விழுற பக்கத்து ராடு ரெண்டு டேக்குக்குள்ள தளரும். டேக்குக்கு டேக் சாவி போட்டுப் பாருங்க.

மைக் விஷயத்துல ரெண்டு இடத்துல கவனம். ஸ்நேர் நடுவுல ஒரு நூலைப் பிடிச்சு ரெண்டு ஓவர்ஹெட்டுக்கும் இழுத்துப் பாருங்க, நீளம் சமமா இருக்கணும். 30 செ.மீ. வித்தியாசம் இருந்தா கிட்டத்தட்ட 0.9 மில்லிசெகண்ட் தாமதம், மோனோவுல கேட்டா ஸ்நேர் குழிஞ்சு போயிருக்கும். அடுத்தது, ஸ்நேருக்குக் கீழ வைக்கிற மைக். மேல் தோல் மேல் மைக்கை விட்டு விலகுற அதே நொடியில கீழ்த் தோல் கீழ் மைக்கை நோக்கி வருது, அதனால ஒரு மைக்கோட பொலாரிட்டியை (அலையோட மேல்-கீழ் திசையை) திருப்பணும். ரெண்டு ஃபேடரையும் ஏத்திட்டு பட்டனைத் தட்டித் தட்டிக் கேளுங்க. எதுல கனமா இருக்கோ அதுதான் சரி.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் -10 டிபி பக்கம் போதும். ஒவ்வொரு பாட்டும் முடிஞ்சதும், டியூனிங்கை மாத்துறதுக்கு முன்னாடி, கிக், ஸ்நேர், டாம் ஒவ்வொண்ணையும் தனித்தனியா மெதுவாலருந்து பலமா வரை அஞ்சாறு அடி பதிவு பண்ணி வைங்க. ஒரு அடி சொதப்பியிருந்தா, கண்ட சாம்பிளையும் போடாம அதே டிரம்மோட அதே அடியால சரி பண்ணலாம். ரெண்டு நிமிஷ வேலை, ஆனா ஸ்டுடியோவை விட்டு வந்தப்புறம் எவ்வளவு செலவு பண்ணாலும் கிடைக்காது.

பிக்கப்_செலக்டர்

க்ளிக்கே வேணாம்னு முடிவு பண்ணாலும் தப்பில்ல. ஆனா வீட்டுல தனியா கிட்டார் ஏத்தும்போது டிரம்ஸ் நிக்கிற இடங்கள்ல எண்ணுறதுக்கு ஒண்ணுமிருக்காது. அந்த இடங்கள்ல டிரம்மர் குச்சியைத் தட்டி எண்ணிட்டே போகட்டும், மிக்ஸ்ல வெட்டிக்கலாம்.

வீட்டு வேலைக்கு: ஆம்ப் மைக்கோட கூடவே டிஐ பாக்ஸ் வழியா, ஆம்ப் படாத சுத்த சிக்னலையும் ஒரு டிராக்ல எடுங்க. டோன் பிடிக்கலன்னா அதை மறுபடி ஆம்ப்ல ஓட்டி எடுக்கலாம் (ரீஆம்ப்), வாசிப்பை மறுபடி எடுக்க வேண்டியதில்ல. இடம் வலம் ரெண்டு தடவை வாசிச்சு டபுள் பண்ணப் போறீங்கன்னா ஆம்ப்ல கெய்னை (டிஸ்டார்ஷன் அளவை) குறைங்க. தனியா கேட்கும்போது மெலிசா தோணும், ரெண்டும் சேர்ந்தா சுவர் மாதிரி நிக்கும். ஒவ்வொண்ணும் முழு கெய்ன்ல இருந்தா கார்டு மாறுற இடமெல்லாம் கரகரன்னு ஒரே கூழ். ஒரே டேக்கை காப்பி பண்ணி ரெண்டு பக்கமும் போடுறது டபுள் ஆகாது, நடுவுல ஒரே கிட்டாராதான் கேட்கும்.

கம்பி புதுசா மாட்டினதும் 12வது ஃப்ரெட்ல இன்டனேஷன் (கழுத்து முழுக்க சுருதி சரியா இருக்கான்னு) பாருங்க. டியூனிங்கை ஒரு முழு டோன் இறக்குற பாட்டுக்கு தடிமனான செட் வேணும். இல்லன்னா பிக் படுற நொடியில சுருதி மேல போய் கீழ வரும், பேஸோட ஒட்டாது.

ஃபைல் கொடுக்கும்போது எல்லா டிராக்கும் பூஜ்ஜியத்துலருந்து தொடங்குற வேவ் ஃபைலா இருக்கட்டும், 48லயே. 44.1ல பதிவானதை மாத்தாம 48 செஷன்ல போட்டா கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் ஏறி வேகமா ஓடும். முழுப் பாட்டுன்னா உடனே தெரிஞ்சிடும். ஒரு ஷேக்கரோ சத்தத் துணுக்கோ அப்படி இருந்தா யாரும் கவனிக்க மாட்டாங்க, அதுதான் ஆபத்து.

மீட்டரும்_காதும்

-14 என்பது ஸ்பாட்டிஃபை ஒலிக்கும்போது சமன்படுத்துகிற அளவு. நீங்கள் எட்ட வேண்டிய இலக்கு அல்ல. டிஸ்டார்ஷன் நிறைந்த ராக் பாட்டு -9, -10இல் நன்றாக இருந்தால் அப்படியே இருக்கட்டும்; தளம் அதைக் குறைத்து ஒலிக்கும், அவ்வளவுதான். வலுக்கட்டாயமாக -14க்கு இறக்கினால், சமன்படுத்தலை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு உங்கள் ஆல்பம் மட்டும் சோர்ந்து கேட்கும். அதற்காக -6 வரை நசுக்குவதிலும் லாபமில்லை. எப்படியும் குறைக்கப்படும், ஸ்நேர் போனது போனதுதான். ட்ரூ பீக்கை (ஒலியின் உண்மையான உச்சத்தை) மட்டும் -1க்கு மேல் விடாதீர்கள். சத்தமான மாஸ்டர் என்றால் -2 இன்னும் பாதுகாப்பு, ஏனெனில் ஆக் வோர்பிஸ், ஏஏசி போன்ற சுருக்க வடிவங்களுக்கு மாறும்போது உச்சங்கள் கொஞ்சம் எகிறும்.

எல்லாப் பாட்டையும் ஒரே எல்யூஎஃப்எஸ் எண்ணுக்குக் கொண்டுவருவது இன்னொரு பிழை. ஆல்பமாக ஓட்டும்போது ஸ்பாட்டிஃபை பாட்டுகளுக்கிடையே உள்ள ஏற்ற இறக்கத்தை அப்படியே காக்கிறது. அமைதியான ஆறாவது பாட்டு அமைதியாகவே இருக்கலாம். எண்ணைப் பார்க்காமல் குரலைக் கேளுங்கள்: பாட்டு மாறும்போது வால்யூமைத் தொடத் தோன்றாவிட்டால் சரி.

மிக்ஸ் முடிந்ததும் ஒவ்வொரு பாட்டுக்கும் குறைந்தது நான்கு பிரதி எடுத்து வையுங்கள்: முதன்மை, குரலை அரை டிபி ஏற்றியது, குரலில்லாதது, குரல் மட்டும். மாஸ்டரிங்கில் உட்காரும்போதுதான் மூன்றாவது பாட்டில் குரல் அமுங்கியிருப்பது தெரியும், அது வழக்கம். மாஸ்டர் பஸ்ஸில் (எல்லா டிராக்கும் சேரும் இடத்தில்) உச்சத்தை அமுக்கும் லிமிட்டர் போட்டுக் கேட்டுப் பழகியிருந்தால் அந்தப் பிரதியைச் சாட்சிக்கு மட்டும் அனுப்புங்கள், லிமிட்டர் இல்லாததைத்தான் வேலைக்குக் கொடுக்க வேண்டும்.

இரண்டு பாட்டுகள் இடைவெளியில்லாமல் ஒன்றில் ஒன்று கலக்கின்றனவா? அப்படியானால் அவற்றைச் சிங்கிளாக விடாதீர்கள். விட்டால் முனையை வேறு விதமாக வெட்ட வேண்டிவரும், அது தனி ஒலிப்பதிவாகிவிடும். காரணத்தைக் கீழே யாராவது விளக்குவார்கள்.

ஊசித்தடம்

47 நிமிடம் என்றால் பக்கத்துக்கு 23½. 33⅓ வேகத்தில் அது அடங்கும், ஆனால் சத்தமாக அடங்காது. தடங்களை நெருக்கி வெட்ட வேண்டும், அதற்குச் சத்த அளவைக் குறைக்க வேண்டும், குறைத்தால் தட்டின் சொந்த இரைச்சல் மேலே தெரியும். ராக்குக்குப் பக்கத்துக்கு 18 முதல் 20 நிமிடம் நிம்மதி. டிஜிட்டலில் 11, வினைலில் 9 என்று பிரிக்கலாம். அல்லது இரண்டு தட்டு.

வரிசையும் வெறும் ரசனைக் கணக்கு அல்ல. தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. தடம் ஓடுகிறது, உள் முனையில் சுமார் 20 செ.மீ.தான். அதே நொடி இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் செதுக்குகிறார்கள். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகளும் ஹைஹாட்டும் சிதறும். பளபளப்பும் கூச்சலும் உள்ள பாட்டை முதலில் வையுங்கள். பக்கக் கடைசிக்கு மெதுவான, இருண்ட பாட்டு. குரலில் ‘ஸ’ ஒலியைத் தணிக்கும் டி-எஸ்ஸரை மாஸ்டரிங்குக்கு விடாமல் மிக்ஸிலேயே முடியுங்கள்.

பேஸும் கிக்கும் நடுவில், மோனோவில் இருக்கட்டும். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இடமும் வலமும் எதிரெதிராக ஆடினால் தடம் மேலும் கீழுமாக வெட்டப்படும், ஊசி துள்ளும். தாழ்ந்த ஒலி மோனோவிலேயே இருந்தாலும் அளவு மீறினால் இதே கதி. 1969இல் லெட் செப்பலினின் இரண்டாவது ஆல்பத்தை மாஸ்டரிங் பொறியாளர் பாப் லட்விக் வெட்டிய முதல் பதிப்பு அவ்வளவு பலமாக இருந்ததால், மலிவான பிளேயர்களில் ஊசி தாவுகிறது என்று அதை விலக்கி அளவைக் குறைத்து மறுபடி வெட்டினார்கள். ஓட்டுத்தடத்துக்குப் (பாட்டு முடிந்தபின் லேபிளை நோக்கி ஓடும் தடம்) பக்கத்தில் அவருடைய முதலெழுத்துகள் கீறப்பட்ட அந்தப் பிரதிகளைத்தான் சேகரிப்பவர்கள் இன்று தேடுகிறார்கள். உங்கள் கேட்போரிடம் எந்த பிளேயர் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. அளவோடு வெட்டச் சொல்லுங்கள்.

டெஸ்ட் பிரஸ்ஸிங் (சோதனைக்கு அச்சிடும் முதல் சில தட்டுகள்) வந்ததும் இரண்டு வேறு பிளேயரில், இரண்டு மூன்று பிரதிகளையாவது முழுதாகக் கேளுங்கள். ஒரு ‘டிக்’ எல்லாப் பிரதியிலும் ஒரே இடத்தில் வந்தால் கோளாறு ஸ்டாம்பரிலோ (தட்டை அழுத்தும் உலோக அச்சு) அதற்கு முன்போ; திருப்பி அனுப்பலாம். ஒன்றில் மட்டும் வந்தால் அந்தத் தட்டோடு போனது. நீண்ட சுரங்கள் அலைபாய்ந்தால் நடுத்துளை விலகியிருக்கிறது. ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் கிழிவது போன்ற உரசல் சில சுற்று நீடித்தால், அச்சில் பிளாஸ்டிக் தடத்தை நிரப்பவில்லை. லேபிள் பக்கம் மாறி ஒட்டுவதும் நடப்பதுண்டு. டெஸ்டில் லேபிள் வெள்ளையாகவே இருக்கும் என்பதால் தெரியாது. எனவே ஓட்டுத்தட எண்ணையும் லேபிள் படத்தையும் ஒப்பிட்டு எழுத்தில் உறுதி செய்யுங்கள்.

தேதியை எப்போது அறிவிப்பது? டெஸ்ட் பிரஸ்ஸிங்கை ஒப்புக்கொண்ட பிறகு. அதற்கு முன் இல்லவே இல்லை. ஒரு மறுவெட்டு வந்தால் மொத்த வரிசையும் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

பார்கோடு

மேல மீட்டர் விட்டதை எடுத்துக்கிறேன். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண் (அந்த ஒலிப்பதிவோட அடையாள எண்) ஒண்ணு. சிங்கிளா விட்ட பாட்டு ஆல்பத்துல வரும்போது அதே எண்ணும் அதே ஆடியோவும் இருந்தாதான் கேட்ட எண்ணிக்கை சேர்ந்து வரும். நீளமோ மாஸ்டரோ மாறினா வேற எண் போடணும், எண்ணிக்கை பூஜ்ஜியத்துலருந்து. அப்போ முதல் சிங்கிள் வெளிய போறதுக்கு முன்னாடி 11 பாட்டும் மாஸ்டர் ஆகி முடிஞ்சிருக்கணும். சிங்கிளை மட்டும் அவசரமா மாஸ்டர் பண்ணிட்டு, ஆல்பத்துல அதைத் திருத்த ஆசைப்படுறதுதான் எல்லாரும் விழுற குழி.

சிங்கிள் மூணையும் அடுக்கி விடலாம்: ரெண்டாவது சிங்கிள் வரும்போது முதலாவதும் கூடவே, மூணாவதோட முந்தின ரெண்டும். நாலு வார இடைவெளி போதும். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் எடிட்டர்களுக்கு அனுப்புறது ஒரு நேரத்துல ஒரு பாட்டுதான், வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னாடி. அதனால விநியோகஸ்தர்கிட்ட நாலு வாரம் முன்னாடியே ஏத்திடுங்க. 2015 ஜூலை 10லருந்து உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் ஆல்பம் நாள், அதை மீறக் காரணம் ஒண்ணும் இல்ல.

ஏத்தும்போது உங்க பழைய ஆர்ட்டிஸ்ட் பக்கத்து இணைப்பைக் கொடுங்க. கொடுக்கலன்னா அதே பேர்ல இருக்கிற வேற யாரோட பக்கத்துலயோ ஆல்பம் போய் உட்காரும். அட்டை 3000 x 3000 பிக்சல், ஆர்ஜிபி. அதுல இணைய முகவரி இருந்தா திருப்பிடுவாங்க. வினைலுக்கு அதே படத்தை சிஎம்ஒய்கேல (அச்சு நிறத்துல), 300 டிபிஐல தனியா செய்யணும். 12 அங்குலத்துக்கு 3000 பத்தாது.

யாருக்கு எத்தனை சதவீதம்னு பாட்டு வாரியா ஒரு தாள்ல எழுதி நாலு பேரும் கையெழுத்து போடுங்க. மிக்ஸ் முடியுறதுக்கு முன்னாடியே.

நாலாவது_கம்பி

எல்லாருக்கும் நன்றி. வினைலுக்கு 9 பாட்டுன்னா எந்த ரெண்டை விடுறது? கிட்டாரிஸ்டோட 6 நிமிஷ இன்ஸ்ட்ருமெண்டலைக் கை வைக்க முடியாது போல.

ஊசித்தடம்

அதை இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டாக வையுங்கள். குரல் இல்லை, ‘ஸ’ சிதறும் கவலை இல்லை, சத்தமாக வெட்டலாம். விட வேண்டியவை: பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஒரே டெம்போ, ஒரே சுருதி, ஒரே மாதிரி தொடக்கம் என்று இருக்கும் ஜோடிகளில் ஒன்று. 11இல் அப்படி இரண்டு ஜோடியாவது இருக்கும்.

ஸ்நேர்_சாவி

அந்த ஜோடிகளை இப்பவே, டெமோவுலயே கண்டுபிடிச்சிடுங்க. அஞ்சாம் நாளும் ஆறாம் நாளும் சுலபமாயிடும்.

பார்கோடு

9 பாட்டு வினைலுக்கும் 11 பாட்டு டிஜிட்டலுக்கும் தனித்தனி பார்கோடு வேணும், மறந்துடாதீங்க. விட்ட ரெண்டுக்கும் பாடல் வரித்தாள்ல “டிஜிட்டலில் மட்டும்”னு ஒரு வரி போடுங்க, இல்லன்னா தட்டுல பாட்டு காணோம்னு மெயில் வந்துட்டே இருக்கும்.