வேலூர் வெயிலில் தொட்டித் தக்காளி வைத்தவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

சத்துவாச்சாரி மொட்டைமாடி:

எட்டு பெயிண்ட் வாளி, மூணு மாசம், ரெண்டு தக்காளி. இதுதான் என் கணக்கு. சிரிக்கிறவங்க சிரிச்சுட்டு மேல படிங்க.

2023 ஜூலையில தக்காளி கிலோ நூறைத் தாண்டிப் போச்சே, ரேஷன் கடையில 60 ரூபாய்னு வித்தாங்களே, அப்ப எடுத்த முடிவு இது. நேதாஜி மார்க்கெட்ல கால் கிலோ வாங்கி, கீழ விழுந்திடப் போகுதுன்னு பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்தேன். இனிமே நம்ம மாடியிலேயேன்னு மனசுக்குள்ள சபதம். சபதத்துக்கும் மண்ணுல கை வச்சதுக்கும் நடுவுல ஏழெட்டு மாசம் ஓடிப்போச்சு. நாத்து நட்டது அடுத்த வருஷம் மாசிக் கடைசியில.

20 லிட்டர் வாளி, பழைய சாமான் கடையில வாங்கினது. கம்பியைக் காய்ச்சி அடியில ஆறு ஓட்டை. செம்மண், ஊறவச்ச தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூணும் சமமா, மேல ரெண்டு கை வேப்பம் புண்ணாக்கு. வாளிக்கு ஒரு செடி. வந்துச்சு பாருங்க, இடுப்பு உயரம்! இலையெல்லாம் கரும்பச்சை, பூ கொத்துக் கொத்தா. கண்ணு பட்டுடும்னு எங்க மாமியார் மிளகாயும் எலுமிச்சையும் கட்டச் சொன்னாங்க. கட்டினேன்.

பங்குனிக் கடைசியில பூ கொட்ட ஆரம்பிச்சது. பூக்காம்புல நடுவுல ஒரு முட்டி மாதிரி இருக்கும் இல்லையா, சரியா அந்த இடம் மஞ்சளாகி, விரல் பட்டாலே விழும். தினம் காலையில மாடியைக் கூட்டினா முறம் நிறைய மஞ்சப் பூ. எதிர்வீட்டுக்காரர் யூரியா போடுன்னாரு. நாத்தனார் தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவச்ச தேமோர் கரைசல்னாங்க. யாரோ மீன் அமிலம்னு சொல்ல, அதையும் ஊத்தினேன். பூ நிக்கல, தெருவுல இருக்கிற பூனை அத்தனையும் மாடிக்கு வந்து நின்னுச்சு. சித்திரையில ஒரு நாள் மத்தியானம் வாளி மண்ணுல விரலை விட்டேன், சோத்துப் பானையில விட்ட மாதிரி சுட்டுது.

கடைசியில ரெண்டு காய் பழுத்துச்சு, நெல்லிக்காய் அளவுல. செலவு 1,840 ரூபாய். எங்க வீட்டுக்காரர் ரெண்டையும் தட்டுல வச்சு, “ஒண்ணு 920 ரூபாய். லாங்கு பஜார் நகைக்கடையில எடை போட்டு எடுத்துக்குவாங்களான்னு கேட்டுட்டு வரட்டா?”ன்னாரு.

எங்க தப்பு? உரமா, மண்ணா, இல்ல என் கைராசிதான் சரியில்லையா?

காட்பாடி வாத்தியார்:

அம்மா, கைராசி நன்றாகத்தான் இருக்கிறது. இடுப்பு உயரத்துக்குச் செடி வந்திருக்கிறதே. நட்ட மாசம்தான் ராசியில்லாதது.

தக்காளிப் பூ தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், வண்டு வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் பகல் சூடு 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 24, 25க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் செத்துப்போகும். கரு பிடிக்காத பூவைச் செடி வைத்துக்கொள்ளாது, நீங்கள் சொன்ன அந்த முட்டியிலேயே கழற்றிவிடும். நம் ஊர் சித்திரை ராத்திரி எப்படி என்று சொல்ல வேண்டுமா? மின்விசிறி அனல்காற்றைத்தான் சுற்றி விடுகிறது. மாடித் தளமோ பகலில் வாங்கிய சூட்டை விடியும் வரை வாளிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதில் யூரியா வேறு! இலை இன்னும் கொழுக்கும், பூ இன்னும் உதிரும்.

ஆந்திரப் பக்கம் மதனப்பள்ளியிலும் பலமநேரிலும் கோடையில் எப்படிக் காய்க்கிறது என்று கேட்பீர்கள். நமக்குத் தக்காளி ஏறி வருவதே அங்கிருந்துதானே. காட்பாடியிலிருந்து சித்தூர் தாண்டிப் போனால் பஸ் மலையேறுவது தெரியும். மதனப்பள்ளி 2,000 அடிக்கு மேலே இருக்கிறது, வேலூர் 700 அடி சொச்சம். அங்கே ராத்திரி நம் ஊரைவிடக் குளுமை. செடிக்கும் அந்தக் குளுமையான ராத்திரிதான் வேண்டும்.

என் கணக்கு இது: ஆவணிக் கடைசியில் விதை, 25 நாளில் நாற்று, புரட்டாசி முடிவதற்குள் வாளிக்கு மாற்றிவிடுவேன். ஐப்பசிக் கடைசியில் பூ. மார்கழி பிறந்ததும் முதல் பழம். மாசி வரை பறிக்கலாம். பங்குனியில் செடியைப் பிடுங்கிவிட்டு மண்ணைக் காயப் போடுவேன். காலையில் எட்டு, ஒன்பது மணிக்குப் பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு சுண்டு சுண்டிவிடுங்கள். மகரந்தம் உதிர அது போதும்.

இதிலும் அடி வாங்கியிருக்கிறேன். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு போனது நினைவிருக்கும். ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது, நானும் போய் நின்றேன். வீடு திரும்பி மாடி ஏறினால் என் பன்னிரண்டு தொட்டியும் குட்டிப் பாலாறு. ஓட்டை போட்டிருந்தேன்தான். தொட்டியைத் தரையோடு தரையாக வைத்ததில் ஓட்டை அடைத்துக்கொண்டது. நாலே நாளில் பச்சை இலையோடு துவண்டது. தண்ணீர் போதவில்லையோ என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வேர் சுவாசம் பாடம் நடத்தியவன் நான், இதை வெளியே சொல்லாதீர்கள். இப்போது ஒவ்வொரு வாளிக்கும் அடியில் மூன்று ஓட்டுத் துண்டு.

குடியாத்தம் தறிக்காரன்:

சார் சொன்ன மாரிதான் நானும் புரட்டாசில வச்சேன். ஆனா எனக்கு ஒரு பழம்கூட வரல. இலை மேல் பக்கமா சுருட்டிகினு, நுனி எல்லாம் குட்டையா, பூசின மாரி மஞ்சளா. ரோட்டோரம் வண்டில வச்சிகினு வித்த நாத்து, ஒண்ணு அஞ்சு ரூபா, பாக்கச் சொல்லோ நல்லாத்தான் இருந்துச்சு.

வேப்பெண்ணெய் அடிச்சேன், சாம்பல் தூவினேன், பூண்டுத் தண்ணி அடிச்சேன். சுருட்டினது சுருட்டினதுதான். அப்புறம்தான் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு இலைய எடுத்துகினு போனேன். இது வைரஸ் பா, வெள்ளை ஈ கொண்ணாந்து விட்டுட்டுப் போவும், வந்த செடிக்கு மருந்தே கெடையாது, பிடுங்கிடுன்னு சொல்லிட்டாங்க. மனசு கேக்கல. தறிக்குப் போறதுக்கு முந்தி தெனம் காலைல அது மூஞ்சிலதான் முழிப்பேன். பிடுங்காம வச்சிருந்தேன். பத்து நாள்ல பக்கத்துல இருந்த ஆறும் சுருட்டிக்கிச்சு.

போன வருஷம் அர்கா ரக்ஷக் வெத வாங்கினேன், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்து ஹைப்ரிட். இலைச்சுருட்டு, வாடல், இலைக்கருகல் மூணுத்தையும் தாங்கும். நாத்து விடற தட்டு மேல பழைய கொசுவலையக் கட்டிட்டேன். மஞ்சள் அட்டைல வெளக்கெண்ணெய் தடவி வாளி நடுவுல தொங்க விட்டேன், ஈ எல்லாம் அதுல போய் ஒட்டிக்கிச்சு. செடிக்கு ரெண்டு ரெண்டரை கிலோ வந்துச்சு. ஆனா ஒண்ணு, அதுலருந்து வெத எடுத்து மறுபடி போடாதீங்க, தாய் மாரி வராது.

ராணிப்பேட்டை மருமகள்:

நான் தண்ணியில கோட்டை விட்டவ. எங்க போர் தண்ணி உப்பு, வாய்ல வைக்க முடியாது. காவிரித் தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா வரும், அதைச் செடிக்கு ஊத்தினா மாமியார் விடுவாங்களா? அதனால வீட்டுல ஆர்.ஓ. மெஷின் கழிச்சுத் தள்ற தண்ணியைப் பக்கெட்ல பிடிச்சு மாடிக்குத் தூக்கினேன். வீணாப் போற தண்ணிதானே, சிக்கனம்னு எனக்கு நானே முதுகுல தட்டிக்கிட்டேன்.

ஒரு மாசத்துல தொட்டி ஓரமெல்லாம் வெள்ளையா பூத்துடுச்சு. இலை விளிம்பு கருகல். அப்புறம் காய் வந்தது, எல்லாக் காய்க்கும் அடி கறுப்பு. நாலணா அளவுல ஒரு பள்ளம், தொட்டா தோல் மாதிரி இருக்கும். சுண்ணாம்புச் சத்து குறைவுன்னாங்க, முட்டை ஓட்டை மிக்சியில அடிச்சுக் கொட்டினேன். அக்கம்பக்கத்து வீட்டு முட்டை ஓடும் எங்க வீட்டுக்கு வந்தது. ஒண்ணும் மாறல.

எங்க அண்ணன்தான் விளக்கினார். ஆர்.ஓ. மெஷின் உப்பைப் பிரிச்சுத் தள்றதே அந்தத் தண்ணியிலதான், போர் தண்ணியைவிட அது மோசம். மண்ணுல சுண்ணாம்பு இருந்தாலும் உப்பு ஏறிட்டா வேர் இழுக்காது. ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் குளிப்பாட்டினாலும் இதே கதைதான், தண்ணியோட சேர்ந்துதான் சுண்ணாம்பு காய்க்குப் போகும். முட்டை ஓடு மக்கிக் கரையறதுக்குள்ள செடிக்கு வயசாயிடும்.

இப்ப ஏசி வடிக்கிற தண்ணியும் அரிசி கழுவின தண்ணியும்தான். மழை பெய்ஞ்சா தொட்டியை ஓரமா ஒதுக்காம நல்லா நனைய விடறேன், அடியில ஒழுகி ஓடற வரைக்கும். மண்ணு மேல காய்ஞ்ச வேப்பிலைச் சருகு மூணு விரல் கனத்துக்கு. விடியக்காலை ஒரு தரம் தண்ணி, வெயில் தாழ்ந்தப்புறம் தொட்டுப் பார்த்துத் தேவைன்னா இன்னொரு தரம். அடி கறுப்பு நின்னுடுச்சு.

காட்பாடி மலையடி:

எங்கள் பக்கம் பிரச்சினை வைரஸும் இல்லை, உப்பும் இல்லை. குரங்கு. ஒரு கடி கடித்துவிட்டு அடுத்த பழத்துக்குப் போய்விடும், ஒன்றையாவது முழுசாகத் தின்றாலும் மனசு ஆறும். இப்போது காய் அடிப்பக்கம் லேசாக ரோஸ் ஓடியதுமே பறித்து, அரிசி டப்பா மேல் கூடையில் வைத்துவிடுகிறோம். மூன்று நான்கு நாளில் நன்றாகப் பழுத்துவிடும், ருசியிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கறிவேப்பிலையைக் குரங்கு தொடுவதில்லை, ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.

ஆற்காடு பெரியம்மா:

ஏம்மா, ஒரு தக்காளிக்கா இவ்வளவு பாடு? எங்க வீட்டுப் பின்னாடி பாத்திரம் தேய்க்கிற இடத்துல வருஷா வருஷம் தானா முளைக்கும். கழுவித் தள்ளின விதைதான். நாட்டுத் தக்காளி, தோல் மெல்லிசு, புளிப்பு தூக்கலா இருக்கும். நான் ஒரு பிடி உரம் போட்டதில்லை. பக்கத்துல முருங்கை மரம், மத்தியானத்துக்கு மேல அதோட நிழல் விழும். கோடையில காய்க்காது, அதுக்குன்னு சாவறதும் இல்ல. சும்மா கிடந்துட்டு மழை விழுந்தா மறுபடி தழையும்.

வாளியில வைக்கிற பிள்ளைங்க வீட்டுல சுண்டைக்காய்ச் செடி இருந்தா அதோட தண்டுல தக்காளி நுனியை ஒட்டுக்கட்டிப் பாருங்க. வேர் வாடலை நல்லா தாங்கும். எங்க தம்பி கட்டிக் கொடுத்தான், பத்துல ஆறு பிடிச்சுது.

வாத்தியார் ஐயாவுக்கு ஒண்ணு. நீங்க ஐப்பசியில பூ வரும்னு எழுதினீங்க. போன வருஷம் ஐப்பசியே வைகாசி மாதிரி காய்ஞ்சுது. மாசத்தைப் பார்க்காதீங்க, ராத்திரி போர்வை தேடுறோமான்னு பாருங்க.

காட்பாடி வாத்தியார்:

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. திருத்திக்கொள்கிறேன்.

சத்துவாச்சாரி மொட்டைமாடி:

தை பொறந்தாச்சு, கணக்கு சொல்ல வந்தேன்.

எட்டு வாளி வேணாம்னு நாலா குறைச்சேன். வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடிச்சேன், கறுப்பு வாளியைவிட வெள்ளை வாளி மண்ணு கை வைக்கிற மாதிரி இருக்கு. இடத்தையும் மாத்திட்டேன். தண்ணித்தொட்டிக்குக் கிழக்கால, காலையில ஆறரையிலருந்து ஒரு மணி வரைக்கும்தான் வெயில். ஓட்டுத் துண்டும் வச்சாச்சு. விதை ரெண்டு வகை. ரெண்டு வாளியில குடியாத்தம் தம்பி சொன்ன ஹைப்ரிட், ரெண்டுல பெரியகுளம் ரகம் பி.கே.எம்.1.

யூரியா பக்கமே போகல. பதினஞ்சு நாளைக்கு ஒரு தரம் ஒரு கை மண்புழு உரம், அவ்வளவுதான். நடுவுல இலையில வெள்ளைக் கோடு கோடா பாம்பு ஊர்ந்த மாதிரி வந்தது, அந்த இலையை மட்டும் கிள்ளி எரிச்சுட்டேன். கார்த்திகை மழையில ஒரு ஹைப்ரிட் செடி சாய்ஞ்சு தண்டு கிழிஞ்சுது. பழைய புடவைக் கிழிசலால கட்டு போட்டேன், பிழைச்சுக்கிச்சு.

பூ விழத்தான் செய்யுது. ஆனா முறத்துல இல்ல, உள்ளங்கையில அள்ளிடலாம். காலையில காம்பைச் சுண்டுற வேலையை என் பையன் எடுத்துக்கிட்டான். கேரம் போர்டு ஆடுற மாதிரி சுண்டி ரெண்டு கொத்தை உடைச்சுட்டான், அது தனிக் கதை.

இதுவரைக்கும் நாலு செடியிலயும் சேர்த்து ஆறே கால் கிலோ. ஹைப்ரிட் அதிகம், பி.கே.எம்.1 கொஞ்சம் கம்மி. ஆனா ரசத்துக்கு பி.கே.எம்.தான். காம்புகிட்ட தோள் பச்சையாவே நிக்கும், பழுக்கலன்னு நினைச்சு விட்டுடாதீங்க, அது அப்படித்தான். பொங்கலுக்கு அரை கிலோ எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். யூரியா போட்டீங்களான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன், பண்டிகை நாள்ல எதுக்கு வம்பு?

நல்ல பழமா பார்த்து அஞ்சு பி.கே.எம். ஒதுக்கி, விதையை ரெண்டு நாள் புளிக்கவச்சுக் கழுவி, நிழல்ல காயவச்சு, சாம்பல்ல புரட்டி டப்பாவுல போட்டிருக்கேன். அது ஹைப்ரிட் இல்ல, போட்டா அதே மாதிரி வரும். ஆவணிக்குள்ள சத்துவாச்சாரி பக்கம் வர்றவங்க சொல்லுங்க, ஆளுக்கு ஒரு சிட்டிகை தர்றேன். ராணிப்பேட்டைத் தங்கச்சிக்கு எடுத்து வச்சாச்சு. ஆற்காடு பெரியம்மா, பதிலுக்கு உங்க பாத்திரம் தேய்க்கிற இடத்து நாட்டு விதை எனக்குக் கொஞ்சம் வேணும்.