எரிகல், வீழ்மீன், விண்வீழ்கல்: மூன்று நிலைகளுக்கு எத்தனை சொற்கள்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான வானியல் அறிமுக நூலை எழுதிவரும் நண்பர், மீட்டியராய்டு (விண்வெளியில் திரியும் துகள்), மீட்டியர் (அது காற்று மண்டலத்தில் நுழையும்போது தோன்றும் ஒளிக்கீற்று), மீட்டியரைட்டு (தரையில் விழுந்து கிடைக்கும் கல்) ஆகிய மூன்றையும் ‘எரிகல்’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் அடைமொழி சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். கூடாது என்பது என் கருத்து. அச்சொல் நெடுநாள் வழக்குடையதுதான். ஆனால் இம்மூன்றில் எதற்கும் அது பொருந்தவில்லை.

சென்ற ஆண்டு மார்கழிக் குளிருக்கு முன்பாக, டிசம்பர் 13 இரவில், மொட்டைமாடியில் பாய் விரித்து எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மிதுன ராசித் திசையிலிருந்து வரும் ஒளிக்கீற்றுகளின் பொழிவைக் காட்டிக்கொண்டிருந்தேன். “இதற்கு எரிகல் என்று பெயர்” என்று நான் சொன்னதும், ஒரு சிறுமி, “கல்லு எரிஞ்சா சாம்பல் எங்க மாமா விழும்?” என்று கேட்டாள். என்னிடம் விடை இருந்தது. ஆனால் அந்த விடையைச் சொல்வதற்கு நான் கொடுத்த பெயரையே முதலில் மறுக்க வேண்டியிருந்தது.

நாம் காணும் ஒளிக்கீற்றை உண்டாக்குவது பெரும்பாலும் மணல் பருக்கை அளவேயுள்ள துகள். அந்த இரவில் வந்தவை, ஃபேத்தான் என்னும் சிறுகோள் விட்டுச் சென்ற துகள்கள். நொடிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துள் நுழைபவை. தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் அத்துகள் சூடேறி ஆவியாக, அதிலிருந்து பிரியும் அணுக்களும் காற்றின் அணுக்களும் மோதிக்கொண்டு ஒளிர்கின்றன. விறகு எரிவதைப் போன்ற எரிதல் அங்கே இல்லை. கல் என்று சொல்லத்தக்க பொருளும் பல வேளைகளில் இல்லை. தரையை எட்டும் கல்லோ எரிந்துகொண்டு வருவதில்லை. சில நொடிச் சூட்டில் அதன் மேற்பரப்பு மட்டும் உருகி, ஓரிரு மில்லிமீட்டர் தடிப்பில் கறுத்த ஓடாக உறைந்துவிடுகிறது; உட்புறம் விண்வெளியின் குளிர்ச்சியை விடாமலே வந்து சேர்கிறது.

ஆகவே விண்வெளியில் திரியும் நிலைக்கு ‘விண்கல்’ என்பதை நிலைப்படுத்தலாம். பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2017-இல் தந்த வரையறையில் இதன் அளவு ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டர் முதல் 1 மீட்டர் வரை. அதற்கு மேற்பட்டது சிறுகோள். தூசியளவுத் துகளைக் கல் என்பதா என்று ஒருவர் கேட்கலாம். அரிசியில் கிடக்கும் கல்லையும் நாம் கல் என்றுதானே சொல்கிறோம்?

தரையில் கிடைப்பதற்கு ‘விண்வீழ்கல்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அதை மாற்றுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. மறுமுறை வரும் இடங்களில் ‘வீழ்கல்’ என்று சுருக்கிக்கொண்டால் இரும்பு வீழ்கல், நுண்வீழ்கல் என்று தொகைச்சொற்கள் எளிதாக அமையும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்தது சுமார் 20 மீட்டர் குறுக்களவுள்ள சிறுகோள். அதன் துண்டுகளும் வீழ்கற்களே. எனவே வரையறையில் ‘பூமியில் விழுந்த விண்கல்’ என்று எழுதாமல், ‘விண்ணிலிருந்து தரையில் விழுந்த கல்’ என்று எழுதுவதே சரி. பூமி என்ற சொல்லையும் வேண்டுமென்றே தவிர்த்தேன். 2005-இல் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி செவ்வாயின் தரையிலேயே ஓர் இரும்பு வீழ்கல்லைக் கண்டது.

இடையிலுள்ள ஒளி நிகழ்வுதான் சிக்கலானது. அதற்கு நான் முன்வைப்பது ‘வீழ்மீன்’. சேர அரசன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தபோது கூடலூர் கிழார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், பங்குனி நள்ளிரவில் வானிலிருந்து ஒரு மீன் விழுந்ததைக் கண்டு புலவர்கள் அஞ்சுகிறார்கள். ஏழாம் நாள் அரசன் மாய்கிறான். அவர்களின் அச்சத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை, சொல்லை ஏற்கலாம். ஊரிலும் ‘நட்சத்திரம் விழுது’ என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் அது விண்மீன் அல்லவே என்ற தடை எழும். வால்மீனும் விண்மீன் அன்று; ஆயினும் அச்சொல்லால் எவரும் குழம்பவில்லை. ஒளிர்வது மீன், கையில் அகப்படுவது கல் என்ற பகுப்பு பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். ‘வீழ்மீன் பொழிவு’ என்பதும் இயல்பாகவே வருகிறது.

என் சொல்லுக்கு எதிரான சான்று ஒன்றையும் நானே வைத்துவிடுகிறேன். 1972 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து கனடாவின் ஆல்பர்ட்டா வரை பட்டப்பகலில் ஒளிர்ந்து சென்ற ஒன்று, கீழே விழாமலே காற்று மண்டலத்தை உரசிவிட்டு விண்வெளிக்குத் திரும்பியது. அதை வீழ்மீன் என்பது சற்று இடிக்கிறது. இத்தகையவை மிக அரியவை என்பதால் ‘உரசுமீன்’ என்று தனிப்பெயரே இட்டுவிடலாம் என நினைக்கிறேன். வெள்ளிக் கோளையும் விஞ்சி ஒளிரும் பெரு வீழ்மீன்களுக்குத் ‘தீப்பந்து’ போதுமா, வேறு சொல் வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை. அதைப் பற்றி மற்றவர்கள் எழுதுங்கள்.